பரந்தன் கெமிக்கல்: பெயர் மிஞ்சினது, வேலை போனது

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால போறபோது ஆனையிறவு தாண்டினால் பரந்தன் சந்தி. எங்களுக்கு அது பஸ் நிற்கிற ஒரு இடம். அப்பப்பாமாரின்ர தலைமுறைக்கு அது 'கெமிக்கல்'.

சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறை சீமெந்து, வாழைச்சேனை கடதாசி, பரந்தன் இரசாயனம் என்ற மூன்று அரச ஆலைகளும் அவருடைய பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றன. பரந்தனைத் தெரிவு செய்ததற்குக் காரணம் பக்கத்தில் இருந்த ஆனையிறவு உப்பளம். உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சினால் குளோரினும் கோஸ்டிக் சோடாவும் கிடைக்கும். சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் கோஸ்டிக் சோடா வேணும். குடிதண்ணியைச் சுத்திகரிக்கக் குளோரின் வேணும். எங்கட உப்பு, எங்கட ஆக்களுக்கு வேலை. கணக்கு அவ்வளவுதான்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதிக் கதவைத் திறந்தது. அதுவரை பாதுகாப்புக்குள் வளர்ந்த உள்ளூர் உற்பத்திகள் வெளிநாட்டு விலையோடு மோத வேண்டி வந்தது. குடாநாட்டின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர்களுக்கு விழுந்த அடியை இப்பவும் ஊரில கதைப்பினம். அந்த அடி ஆறுமுன்னமே யுத்தம் வந்தது. 1980களின் நடுப்பகுதியில் பரந்தன் ஆலை நின்றது. 1990இல் காங்கேசன்துறையும் நின்றது.

இதில கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. ஆலை செத்தாலும் நிறுவனம் சாகவில்லை. 1991இல் அது 'பரந்தன் கெமிக்கல்ஸ் கம்பனி' ஆகி, தான் ஒரு காலத்தில் செய்த அதே குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கத் தொடங்கியது. ஊரின்ர பெயர் கொழும்பில் வியாபாரம் செய்தது; ஊரில மிஞ்சினது இடிஞ்ச சுவர்.

ஆகவே "யுத்தம்தான் எல்லாத்தையும் அழிச்சது" என்பது பாதிக் கதை. யுத்தம் ஆலையை நிறுத்தியது. 2009க்குப் பிறகும் அது நின்றபடியே கிடந்ததற்கு, செய்வதை விட வாங்குவது லேசு என்ற கணக்கும் ஒரு காரணம்.

பரந்தனில் திரும்பவும் இரசாயனத் தொழில் வரும் என்று அரசுகள் மாறி மாறிச் சொல்லுகின்றன. வரட்டும். ஆனால் இந்தத் தொழிலில் பெருஞ்செலவு மின்சாரம். அந்த விலையைக் குறைக்காமல் கட்டினால், இறக்குமதிக் குளோரினோடு போட்டி போட ஏலாமல் ஆட்குறைப்பில்தான் போய் முடியும். அடிக்கல் நாட்டுற படத்தைப் பார்த்துக் கைதட்ட முதல், கரண்ட் என்ன விலை, வேலை ஆருக்கு என்று கேட்பம்.