எசூர் வேதத்தை எழுதியவர் யார்?

வேதமொன்றின் மொழிபெயர்ப்பு என்ற பெயரோடு பிரெஞ்சில் தோன்றிய சமய நூல் ‘எசூர் வேதம்’. 1760-இல் அதன் கையெழுத்துப் பிரதியைப் பெற்ற வால்டேர், அதன் பழமையை வியந்து பாரிஸ் அரசர் நூலகத்திற்கு அளித்தார். 1778-இல் அது அச்சேறியது. உருவ வழிபாட்டைச் சாடும் அந்நூல் பாதிரிமார் இயற்றியதே என்று 1782-இல் சொன்னெரா எழுதினார்.

பின்னர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் புதுச்சேரியில் அதன் பிரதிகளைக் கண்டார். 1822-இல் வெளிவந்த அவர் கட்டுரை, தத்துவ போதகரான ராபர்ட் தெ நொபிலியின் தலையில் பழியை ஏற்றியது. நாம் அதை ஏற்பதற்கில்லை. நூலில் வியாசர் ‘பியாஷ்’ ஆகிறார். அது வங்காளத்து ஒலிப்பு. மதுரையில் தமிழ் பயின்ற நொபிலிக்கு அவ்வழக்கு ஏது?

வடமொழி மூலமும் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு, மூலமில்லாத மொழிபெயர்ப்பு சற்றே பொறாமையூட்டுகிறது! பிற்கால ஆய்வாளர் பிரெஞ்சு இயேசு சபையினரைச் சுட்டுகின்றனர். அவருள் எவர் என்பதில் இன்னும் கருத்து வேற்றுமையே.