பேராசிரியர் ஆரோக்கியசாமி பால்ராஜ்

அபர்டீன் கடைத்தெருவின் மணிக்கூண்டருகே நின்று, தாயகத்திலுள்ள சுற்றத்தாரோடு அலைபேசியில் அளவளாவாதார் நம்முள் அரியர். அவ்வலைகளைப் பன்மடங்கு செய்தி சுமக்கச் செய்த அறிஞர் ஒரு தமிழர் என்பதை அறிந்தாரோ சிலரே. 1944ஆம் ஆண்டில் பொள்ளாச்சியில் பிறந்து, இளமையிலேயே இந்தியக் கப்பற்படையிற் சேர்ந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் அவர்களே அவர். கப்பற்படையினரோடு அன்றாடம் பழகும் தீவினராகிய நமக்கு அவர் வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது.

படையதிகாரியாக இருந்தபோதே தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, பேராசிரியர் இந்திரேசன் அவர்களின் கீழ் ஆய்ந்து, 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். (பின்னாளிற் சென்னைக் கழகத்தின் இயக்குநராய் விளங்கியவரும் இவ்விந்திரேசனாரே.)

இதனிடையே 1971 டிசம்பர் 9ஆம் நாள், டையூவுக்கு அப்பால் ‘குக்ரி’ என்னும் நம் போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியால் வீழ்ந்தது. அதிகாரிகளும் மாலுமிகளுமாக 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீரடியிற் பதுங்கிய பகைவனை ஒலியால் துப்பறியும் சோனார் கருவியின் குறை அன்று கண்கூடாயிற்று. அக்குறை தீர்க்கும் பணி பால்ராஜிடம் வந்தது. கொச்சியில் 1977 முதல் 1983 வரை ஒரு குழுவை நடத்தி, ‘அப்சோ’ என்னும் சோனாரை உள்நாட்டிலேயே உருவாக்கித் தந்தார்.

பின்னர்ப் பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் போன்றவற்றைத் தொடங்கிவைத்து, 1991இல் படையினின்றும் ஓய்வு பெற்று, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்றார். இத்தகையவரை இந்நாடு ஏன் இருத்திக்கொள்ளவில்லை என்னும் வினா நம் நெஞ்சை உறுத்தாமற் போகாது.

அங்கே 1992இல் அவர் கண்டதுதான் ‘மைமோ’ என்னும் முறை. அதனை நம் கடைத்தெருவைக் கொண்டே விளக்கலாம். வானொலி அலை சுவர்தோறும் மோதிச் சிதறிப் பல வழிகளில் வந்து சேரும். அச்சிதறலை இடையூறு என்றே பொறியாளர் எண்ணியிருந்தனர். பால்ராஜோ, அனுப்பும் இடத்திலும் பெறும் இடத்திலும் பல ஏரியல்களை அமைத்தால், அச்சிதறலே ஒரே அலைவரிசையிற் பல செய்தியோட்டங்களைப் பிரித்தறிய உதவும் என்றார். நம்பத் தயங்கினோர் பலர். ஆயினும் பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் அவர் பெற்ற காப்புரிமை 1994இல் வெளிவந்தது. வைஃபையிலும் நான்காம் தலைமுறை அலைபேசியிலும் அம்முறை இடம்பெற்றது. 2010இல் பத்மபூஷணும், 2014இல் மார்க்கோனி பரிசும் அவரைத் தேடி வந்தன.

ஆசிரியராக அவர் பெருமை வேறு. மாணவர் இருவரை உடனாசிரியராகக் கொண்டு, 2003இல் இத்துறைக்கு ஒரு பாடநூல் எழுதினார். பட்டங்களினும் இதனையே யாம் பெரிதாக மதிக்கிறோம்.

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் நம் தீவுகளுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அதுகாறும் செயற்கைக்கோளையே நாம் நம்பியிருந்தோம். வடத்தில் வரும் செய்தி கோபுரத்திலிருந்து நம் கைப்பேசியை அடையும் கடைசி வழியில்தான் பால்ராஜ் கண்ட முறை இன்று பணிபுரிகிறது.