டொய்லி, சர் ஜோன் (1774–1824)

கண்டி அரசைப் பிரித்தானியர் கைப்பற்ற வழிசெய்த உளவு வலையை நடத்தியவர். பின்னர் கண்டியில் அவர்களின் வதிவிடப் பிரதிநிதி. 1805 முதல் அவர் வகித்த பதவிக்குப் பிரதான மொழிபெயர்ப்பாளர் என்றே பெயர். செய்த வேலையைப் பார்த்தால் இலங்கையில் பிரித்தானியரின் முதல் உளவுத் தலைவர் என்று அவரைச் சொல்லலாம்.

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1801இல் இலங்கைக்கு வந்தார். மாத்தறையில் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றார். 1803இல் கண்டிக்குப் படையெடுத்த பிரித்தானியர் நோயாலும் தாக்குதலாலும் அழிந்தபின், மலைநாட்டைத் துப்பாக்கியால் மட்டும் பிடிக்க முடியாது என்பது கொழும்புக்குத் தெரிந்துவிட்டது. பிக்குகளும் வணிகர்களும் எல்லைக் கிராமத்தவரும் ஓலையாகவும் வாய்மொழியாகவும் கொண்டுவந்த செய்திகளை டொய்லி சேர்த்தார். யாரிடம் என்ன கேட்டார், யாருக்கு என்ன பரிசு போனது என்பதை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். உளவாளிக்கு இது அபூர்வமான பழக்கம்.

கண்டிப் பிரதானிகளுக்கும் மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனுக்கும் இடையிலான பிளவே அவருக்குக் கிடைத்த பெரிய சரக்கு. நாயக்கர் வம்சத்தவரான அந்த மன்னனுக்கு எதிராகக் கிளர்ந்த பிரதானி எஹெலேபொல 1814இல் பிரித்தானியரிடம் தஞ்சமடைந்தார். மறு ஆண்டு பெப்ரவரியில் பெரிய போரின்றிக் கண்டி வீழ்ந்தது. 18ஆம் திகதி மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தை வரைந்தவரும் டொய்லியே.

அவரது வலை வழுக்கிய இடம் ஊவா. அங்குள்ள வெல்லஸ்ஸவில் முஸ்லிம்களுக்குத் தலைவராக ஹாஜி மரிக்காரைப் பிரித்தானியர் நியமித்தது சிங்களப் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது. 1817இல் நாயக்க அரச குலத்தவர் எனச் சொல்லிக்கொண்டு ஒருவர் அங்கு தோன்ற, கிளர்ச்சி மூண்டது. நிலைமையை அடக்கப் போன பதுளை உதவிப் பிரதிநிதி சில்வெஸ்டர் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவையான (ஆளுநர்) கெப்பெட்டிபொலவோ கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். அரண்மனைப் பகையை நுணுக்கமாக அறிந்தவருக்குப் பதுளைக்கு அப்பாலுள்ள கிராமங்களின் மனம் எட்டவில்லை. பிரதானிகள் வழியாகவே நாட்டைப் பார்த்ததன் விலை அது.

விலையைக் கொடுத்தது ஊவா மக்கள். வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன, குளங்கள் உடைக்கப்பட்டன. 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொலவின் தலை துண்டிக்கப்பட்டது. அதே மாதம் 21இல் வந்த பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைப் பெரும்பாலும் பறித்தது. ஊவாவில் கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலையும் வந்ததும், தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டதும் பிரித்தானிய ஆட்சியின் கீழ்தான்.

1821இல் சர் பட்டம் பெற்ற டொய்லி, 1824 மே 25இல் காய்ச்சலால் கண்டியில் இறந்தார். கோட்ரிங்டன் பதிப்பித்து 1917இல் வெளிவந்த அவரது நாட்குறிப்பு 1815உடன் நின்றுவிடுகிறது. ஊவாவின் கதையை அறிய விரும்புவோர் வேறு ஆவணங்களைத்தான் தேட வேண்டும்.