ஊதுவாய் உணர்த்தும் காலம்

கிளாரினெட்டை 1700ஆம் ஆண்டையொட்டி நூரம்பெர்க் நகரத்து யோகான் கிறிஸ்டோப் டென்னர் உருவாக்கினார் என்பர். அந்நாளைய ஊதுவாய் பெரும்பாலும் மரத்தாலானது. சீவாளியை அதனோடு நூலாற் சுற்றிக் கட்டினர். நூல் நழுவாதிருக்கச் செதுக்கிய வரிப்பள்ளங்களைப் பழைய ஊதுவாய்களிற் காணலாம். ஆயினும் அவை மட்டுமே பழமைக்குச் சான்றாகா. உலோகப்பட்டை வந்த பின்னரும் செர்மானியர் நூலைக் கைவிடவில்லை.

உறுதியான சான்று பொருளே. மரம் எச்சில் ஈரத்தால் உப்பிக் கோணும். ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிச் செய்யும் எபொனைட்டுக்கு அக்குறை இல்லை. அதற்கு நெல்சன் குட்இயர் அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஆண்டு 1851. வெளிச்சத்தில் நாட்பட அதன் கருமை பச்சையும் பழுப்புமாக மங்கும்.

ஆதலின், 18ஆம் நூற்றாண்டுக் கருவியில் எபொனைட் ஊதுவாய் இருப்பின், அது பிற்காலத்தார் மாற்றியதே. அதில் எழும் ஒலியைப் பண்டை ஒலியெனக் கொள்ளுதல் பிழை. உடலின் முத்திரை உடலுக்கே சான்று. ஊதுவாயைத் தனியே ஆராய்தல் வேண்டும்.