கீழாநெல்லியும் கல்லீரல் அழற்சி பி வைரசும்

கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்குத் தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் மூலிகை. திருவண்ணாமலை வட்டாரத்தின் வயல் வரப்புகளிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும் இச்செடி, 1980களில் உலக மருத்துவ ஆய்வின் கவனத்தைப் பெற்றது.

பின்னணி

அமெரிக்க அறிவியலாளர் பரூச் புளூம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டறிந்தார். அது கல்லீரல் அழற்சி பி வைரசின் மேலுறைப் புரதம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இப்பணிக்காக அவர் 1976இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரசின் முழுத் துகள் சுமார் 42 நானோமீட்டர் விட்டமுடையது. மேலுறைக்குள் புரதக்கூடும், அதனுள் மரபுப்பொருளும் உள்ளன. நோயாளியின் இரத்தத்தில் மேலுறைப் புரதம் மட்டுமே கொண்ட 22 நானோமீட்டர் வெற்றுத் துகள்களும் மிகுதியாகக் காணப்படும்.

சென்னை ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் சாறு இந்த மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982இல் அறிவித்தனர். இது சோதனைக்குழாயில் கண்ட முடிவு. பின்னர் புளூம்பெர்க்கும் இம்முயற்சியில் இணைந்தார். 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அப்புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. இச்செய்தி பெரும் நம்பிக்கையை ஊட்டியது.

மறு ஆய்வுகள்

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. சென்னை ஆய்வை அதன் ஆசிரியர்களே முதற்கட்ட ஆய்வு என்றுதான் குறிப்பிட்டிருந்தனர். பங்கேற்றோரும் சிலரே.

மூலிகையின் புகழுக்கு வேறொரு காரணமும் உண்டு. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் அழற்சி பி பெரும்பாலும் தானாகவே நீங்கும். கல்லீரல் அழற்சி ஏயும் அவ்வாறே. குணமான பெருமை அப்போது உண்ட மருந்தைச் சேர்கிறது. ஆனால் பிறக்கும்போது தொற்று பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட நோயாகிறது. அவர்களுக்கு மூலிகை போதும் என்று இருந்துவிடுவது, பின்னாளில் கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ முடியலாம்.

வடிவத்திலிருந்து மருந்து

செடியிலிருந்து வைரசை நோக்கிச் சென்றது பழைய வழி. வைரசின் வடிவத்திலிருந்து மருந்தை நோக்கிச் செல்வது புதிய வழி. 1999இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், இவ்வைரசின் உட்கூட்டு அமைப்பைப் படிக முறையில் கண்டறிந்தனர். பெரிய கூடு 120 புரத இணைகளால் ஆனது. இணைகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் சிறு மூலக்கூறு ஒன்றைப் புகுத்தினால் கூடு பிழையாகக் கட்டப்படும். இவ்வகை மூலக்கூறுகள் 2003 முதல் ஆராயப்படுகின்றன. எச்.ஐ.வி.யின் கூட்டைத் தாக்கும் லெனாகாபவிர் மருந்து 2022இல் ஒப்புதல் பெற்றது, இவ்வழி பலன் தரும் என்பதற்குச் சான்று.

தடுப்பூசியும் வடிவ அறிவின் பயனே. ஈஸ்டில் உருவாக்கப்படும் வெற்று மேலுறைத் துகள்களே அதில் உள்ளன. மரபுப்பொருள் இல்லாததால் அவை நோயை உண்டாக்குவதில்லை. எதிர்ப்பாற்றலை மட்டும் தூண்டுகின்றன. பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படும் முதல் தவணை, தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் பரவுவதைத் தடுக்க உதவுகிறது.