பனிஷர்: ஒரு சண்டை ஆட்டத்தின் நெடும்பயணம்

1974 பிப்ரவரி தேதியிட்ட 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' காமிக்ஸின் 129ஆம் இதழில் புதிய ஆள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். கறுப்பு உடை. மார்பு முழுக்க வெள்ளை மண்டையோடு. ஸ்பைடர்மேனைச் சுட்டுக் கொல்ல அனுப்பப்பட்டவன் அவன். எழுதிய ஜெரி கான்வேக்கு இருபதைத் தாண்டிய இளவயது. அவர் முதலில் போட்டுப் பார்த்த படத்தில் மண்டையோடு மார்பின் ஒரு பக்கத்தில் சின்னதாகத்தான் இருந்தது. அதை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் மூத்த ஓவியர் ஜான் ரொமிட்டா அதைப் பெரிதாக்கி மார்பிலிருந்து இடுப்புவரை இறக்கினார். இடுப்பு வாரே மண்டையோட்டின் பல்வரிசையாகிவிட்டது. ரோஸ் ஆண்ட்ரு கதையை வரைந்தார். மார்வெலின் ஸ்டான் லீ பெயர் வைத்தார்: பனிஷர்.

இரண்டு மூன்று இதழ்களோடு மறைந்துபோகும் வில்லனாகத்தான் அவனை உருவாக்கினார்கள். வாசகர்கள் விடவில்லை. பின்வந்த கதைகளில் அவனுக்கு ஃபிராங்க் காசில் என்ற பெயரும் ஒரு கடந்த காலமும் சேர்ந்தன. வியட்நாம் போரில் இருந்த கடற்படைக் காலாட்படை வீரன். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் மாஃபியா கும்பலின் துப்பாக்கிக்கு மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவன். அவனால் பறக்க முடியாது, சுவரில் ஏற முடியாது. அவனிடம் இருப்பது ஆயுதமும் ஆறாத துயரமும்தான். மற்ற நாயகர்கள் குற்றவாளியைப் பிடித்துக் காவல் துறையிடம் ஒப்படைத்தார்கள், இவன் கொன்றான். 1986இல் தனிக் குறுந்தொடர், 1987இல் மாத இதழ் என்று வளர்ந்து, 1990களின் தொடக்கத்தில் மாதத்துக்கு மூன்று தலைப்புகளில் அவன் கதைகள் வந்துகொண்டிருந்தன. அந்த உச்சத்தில்தான் அவன் ஜப்பானுக்குக் கப்பலேறினான்.

ஒசாகா நகரத்தின் கேப்காம் நிறுவனம் அப்போது வீடியோ கேம் உலகின் உச்சியில் இருந்தது. 1989இல் 'ஃபைனல் ஃபைட்', 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. ஃபைனல் ஃபைட்டின் இலக்கணம் எளிமையானது. நாயகன் தெருவில் இடமிருந்து வலமாக நடக்கிறான். வழிமறிப்பவர்களை அடித்து வீழ்த்துகிறான். கட்டத்தின் முடிவில் பெரிய ரவுடி ஒருவன் காத்திருக்கிறான். பக்கத்தில் இன்னொருவர் காசு போட்டுக் கூடவே சேர்ந்துகொள்ளலாம். இந்த இலக்கணத்தை மார்வெலின் மண்டையோட்டுச் சட்டைக்காரனுக்குப் பொருத்தி, 1993இல் 'தி பனிஷர்' ஆட்டத்தைக் கேப்காம் வெளியிட்டது. மார்வெலோடு அந்த நிறுவனம் கைகோத்த முதல் ஆட்டம் இதுதான். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற 'மார்வெல் வெர்சஸ் கேப்காம்' வரிசைக்கு இங்கேதான் வாசல் திறந்தது.

இந்த ஆட்டத்தின் சிறப்பு, காமிக்ஸ் தாளின் குணத்தைத் திரைக்குக் கொண்டுவந்த விதத்தில் இருக்கிறது. அடி விழும்போதும் குண்டு வெடிக்கும்போதும் அந்தச் சத்தம் கொட்டை எழுத்தில் திரையில் பாய்கிறது, அச்சுத் தாளில் பாய்வது போலவே. குழாய், மட்டை, கத்தி, துப்பாக்கி என்று தரையில் கிடப்பதையெல்லாம் கையில் எடுக்கலாம். எதிரியைப் பிடித்து வீசலாம், கையெறி குண்டு போடலாம். இரண்டாவது ஆட்டக்காரருக்கு, மார்வெலின் இன்னொரு பாத்திரமான, ஒற்றைக் கண்ணை மறைத்த நிக் ஃபியூரி. கதையின் கடைசியில் நியூயார்க்கின் குற்ற உலகை ஆளும் பருத்த கிங்பின் காத்திருக்கிறான்.

துப்பாக்கி விஷயத்தில் வடிவமைப்பாளர்கள் செய்த தேர்வை நான் பெரிதாக மதிக்கிறேன். பனிஷர் என்றாலே துப்பாக்கிதான். ஆனால் எப்போதும் சுடலாம் என்றால் கைச்சண்டைக்கு மதிப்பிருக்காது. அதனால் துப்பாக்கி ஏந்திய எதிரிகள் வரும் இடங்களில் மட்டும் நாயகன் தானாகவே கைத்துப்பாக்கியை உருவுகிறான். அவர்கள் ஒழிந்ததும் உறையில் போட்டுவிடுகிறான். மீதி நேரமெல்லாம் கையும் காலும்தான். இந்த ஒரே விதியில் ஆட்டத்தின் வேகமும் பாத்திரத்தின் குணமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இது வன்முறை ஆட்டம் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வன்முறைக்கு ஒரு தாளக்கட்டு இருந்தது. அதைக் கைப்பழக்கத்தால் மட்டுமே கற்க முடியும்.

ஆட்டம் ஓடிய மின்சுற்றுப் பலகைக்கு 'சி.பி. சிஸ்டம் டேஷ்' என்று பெயர். கேப்காம் தன் பழைய பலகையில் 'க்யூ சவுண்ட்' என்ற ஒலித் தொழில்நுட்பத்தைச் சேர்த்து உருவாக்கியது அது. அதில் வெளியான ஆட்டங்கள் ஒரு கையில் எண்ணிவிடக் கூடியவை. அவற்றில் இன்னொன்றைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே தெரியும்: அதே 1993இல் வந்த 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. வீடியோ கேம் கடையிலும், பின்னர் கம்ப்யூட்டர் சென்டரிலும் நாம் 'முஸ்தபா' என்று பெயர் சொல்லி விளையாடிய ஆட்டம். அதுவும் மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த காமிக்ஸிலிருந்து பிறந்ததே. முஸ்தபா ஓடிவந்து உதைக்கும் உதை நினைவிருப்பவர்களுக்குப் பனிஷரின் நடையும் வீச்சும் புதிதாகத் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

1990களின் நடுவில் பனிஷர் கடையை விட்டு வீட்டுக்குள் நுழைந்தது. சேகாவின் ஜெனிசிஸ் கருவிக்காக அமெரிக்காவின் ஸ்கல்ப்சர்டு சாஃப்ட்வேர் நிறுவனம் அதை மாற்றி எழுதியது. ஆயிரக்கணக்கான நிறங்களைக் கையாளும் பலகைக்குச் செய்ததை, ஒரே நேரத்தில் அறுபத்துச் சொச்சம் நிறங்களை மட்டும் காட்டும் வீட்டுக் கருவிக்குள் இறக்க வேண்டியிருந்தது. உருவங்கள் சிறுத்தன, நிறங்கள் மங்கின, ஒரே சமயத்தில் சூழும் எதிரிகள் குறைந்தார்கள்.

வெளியே காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் உறுப்பினர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை நடத்தினார்கள். 'மார்ட்டல் காம்பாட்' ஆட்டத்தின் ரத்தக் காட்சிகள் அங்கே விவாதத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டே ஆட்டங்களுக்கு வயது வரம்பு குறிக்கும் ஈ.எஸ்.ஆர்.பி. வாரியத்தைத் தொழில்துறை அமைத்தது.

அந்த வாரியம் பனிஷரின் வாழ்வில் நேரடியாகக் குறுக்கிட்டது பத்தாண்டு கழித்துத்தான். 2005இல் டி.எச்.க்யூ. நிறுவனத்துக்காக இல்லினாய் மாநிலத்தின் வாலிஷன் குழு முற்றிலும் புதிய பனிஷர் ஆட்டம் ஒன்றைச் செய்தது. முந்தைய ஆண்டு வந்த திரைப்படத்தின் நாயகன் தாமஸ் ஜேன் குரல் கொடுத்தார். எதிரியைப் பிடித்து மிரட்டி உண்மையைக் கக்க வைக்கும் விசாரணைக் காட்சிகள் அதன் மையம். பெரியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரை விழுந்தால் பெரிய கடைகள் விற்காது. அதனால் கொடூரத்தின் உச்சக் கணங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, கேமராவையும் விலக்கினார்கள். செயல் அப்படியே இருக்க, நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் வன்முறை குறைந்துவிடுமா என்ற கேள்வி அந்த ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையே 1993இன் ஆட்டம் சந்தையிலிருந்து காணாமல் போயிருந்தது. யாரும் தடை செய்யவில்லை, யாரும் வெறுக்கவுமில்லை. நிரலும் படங்களும் கேப்காமுக்குச் சொந்தம். பனிஷரும் ஃபியூரியும் கிங்பின்னும் மார்வெலுக்குச் சொந்தம். இருவரையும் இணைத்த உரிம ஒப்பந்தம் முடிந்ததும், கூட்டுப் பட்டா நிலம்போல, எல்லோரும் கையெழுத்துப் போடாமல் விற்கவும் முடியாது உழவும் முடியாது என்ற நிலையில் ஆட்டம் தரிசாகக் கிடந்தது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. 2009இல் டிஸ்னி அதை வாங்கியது. அந்தக் கையெழுத்துகள் மட்டும் சேரவில்லை. 2018இல் கேப்காம் தன் பழைய தெருச்சண்டை ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து வெளியிட்டபோது ஃபைனல் ஃபைட் இருந்தது, 'கேப்டன் கமாண்டோ' இருந்தது. பனிஷர் இல்லை, முஸ்தபாவும் இல்லை.

பலகைகளும் தாமாகவே செத்துக்கொண்டிருந்தன. கள்ளப் பிரதியைத் தடுக்க, ஒலிப் பகுதியின் நிரலைக் கேப்காம் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பூட்டின் சாவி, சின்ன பேட்டரி ஒன்றின் தயவில் உயிர்வாழும் நினைவகத்தில் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். அதன்பின் அந்த நிரலைப் பலகையால் படிக்க முடியாது. எத்தனை பத்திரமாக வைத்திருந்தாலும் ஒருநாள் ஊமையாகிவிடும்படி பிறந்த பலகை அது.

அதைக் காப்பாற்றியவர்கள் சட்டப்படி அதன்மேல் எந்த உரிமையும் இல்லாதவர்கள். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற எமுலேட்டரை வெளியிட்டார். பழைய ஆட்டப் பலகைகள் உள்ளே எப்படி இயங்கின என்பதை மென்பொருளில் எழுதிவைக்கும் முயற்சி அது. உலகெங்கும் இருந்த ஆர்வலர்கள் சிப்புகளைப் படித்தார்கள், பூட்டுகளை அவிழ்த்தார்கள், பேட்டரி செத்த பலகைகளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். விற்கப்படாத ஆட்டத்தைப் பிரதியெடுத்து விளையாடியது உரிமைச் சட்டத்தின் கண்ணில் தவறு என்பதை மறுக்க முடியாது. ஆனால் உரிமையாளர்கள் இருவரும் கைவிட்ட ஆண்டுகளில் இந்த ஆட்டத்தை அறிந்தவர்கள் இருந்தார்கள் என்றால், பெரும்பாலும் இவர்களால்தான் இருந்தார்கள்.

அதே ஆண்டுகளில் மார்பில் இருந்த மண்டையோடு தனியே பயணம் செய்தது. இராக் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் அதை வாகனங்களில் வரைந்தார்கள். பின்னர் அது காவலர்களின் உடைக்கும் கார்களுக்கும் வந்தது. இதைக் கண்டு மனம் கொதித்தவர்களில் முதன்மையானவர் ஜெரி கான்வேதான். பனிஷர் நீதி அமைப்பு தோற்றதன் அடையாளம். சட்டத்தைக் காக்க வேண்டியவர்கள் அந்தச் சின்னத்தை அணிவது தவறு என்று அவர் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். 2020இல் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு அந்த மண்டையோட்டைப் புதிதாக வரையவைத்து, நீதிக்கான இயக்கத்துக்கு நிதி திரட்டினார். படைத்தவர் தன் படைப்புக்காக வாதாடிய அந்தக் காட்சி என்னை நெகிழ வைக்கிறது.

2024 செப்டம்பரில் கையெழுத்துகள் ஒன்றுசேர்ந்தன. கேப்காம் தன் மார்வெல் ஆட்டங்கள் ஏழை ஒரே தொகுப்பாக வெளியிட்டது. ஆறு ஆட்டங்கள் ஒருவரோடு ஒருவர் மோதுபவை. ஏழாவது, இருவர் தோளோடு தோள் நின்று ஆடும் 'தி பனிஷர்'. 31 ஆண்டுகளுக்குப் பிறகு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இருவர் இணையத்தின் வழியே கிங்பின்னை ஒன்றாக எதிர்கொள்ள முடிந்தது.

இந்தத் திரும்புதலை விதிவிலக்காகவே கொள்ள வேண்டும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுக்கும் வழி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

வன்முறை நிறைந்த ஆட்டத்தை எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ஒரு காலம் எதை வீரம் என்று நினைத்தது, கோபத்தை யார் தோளில் ஏற்றியது, எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டது என்பதற்கு இவையே நேரடிச் சாட்சிகள். அந்தச் சாட்சியை விளையாடிப் பார்த்தவர்தான் அதைப் பாராட்டவும் முடியும், எதிர்த்து வாதாடவும் முடியும். ஆகவே ஒரு நாயகனை ஆட்டத்துக்கு இரவல் கொடுக்கும் ஒப்பந்தம் எழுதும்போதே, கூட்டு முறிந்த பிறகு அந்த ஆட்டத்தை ஆவணக் காப்பகம் ஒன்று வைத்துக்கொண்டு மக்களுக்குக் காட்டலாம் என்ற ஒரு வரியையும் எழுத வேண்டும். அந்த வரி இருந்திருந்தால் பனிஷர் இத்தனை ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்திருக்க வேண்டியதில்லை.