நீர்ப்போகம்: நீலகிரியில் ஒரு பருவத்தின் வரலாறு

சமவெளியிலுள்ள கே.ஜி.கண்டிகையிலும் அதைச் சூழ்ந்த திருத்தணி வட்டாரத்திலும் மார்கழி, தை மாதங்களில் விழும் பனி, விடியற்காலையில் புல்லை நனைத்துவிட்டுப் பொழுது ஏறியதும் காய்ந்துபோகும் ஈரம்தான். அதனால் எந்தப் பயிரும் கருகுவதில்லை, அதற்கு அஞ்சி எந்த உழவரும் விதைப்பைத் தள்ளிவைப்பதுமில்லை. அதே மாதங்களில் நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் புல்வெளி வெள்ளைத் துணி விரித்தாற்போல் உறைந்து கிடக்கும். மலைவாழ் மக்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பெயரிட்டே வழங்குகின்றனர்: கார்த்திகையை ஒட்டி இறங்கும் பனித்துளி நீர்ப்பனி, அதைத் தொடர்ந்து இலைமேல் பனிக்கட்டியாகவே படிவது உறைபனி. கடைசி உறைபனி எப்போது விலகும் என்று கணித்து அதற்கேற்ப விதைப்பதே குளிர்நாடுகளில் இளவேனில் காய்கறித் தோட்டத்தின் அடிப்படை. காய்கறிக்காக அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் போட்டுவரும் நிலப்பகுதிகளில் முதன்மையானது நீலகிரி. அங்கே அந்தப் பருவத்துக்கு நீர்ப்போகம் என்று பெயர்.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இம்மலையில் உழவும் விதைப்புச் சடங்கும் இருந்தன என்பதை முதலில் குறிப்பிட வேண்டும், ஏனெனில் நீலகிரி வேளாண்மையின் கதையை வெள்ளையர் வருகையிலிருந்தே தொடங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இம்மலையின் உழவர் சமூகமான படகர்கள் சாமை, கேழ்வரகு, கோதுமை, பார்லி முதலியவற்றைச் சரிவுகளில் பயிரிட்டு வந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் அவர்களுடைய விதைப்புச் சடங்கு விவரிக்கப்பட்டுள்ளது: மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது விடிய நெடுநேரம் இருக்கும்போதே, கோயில் பூசாரி ஐந்து அல்லது ஏழு வகைத் தானியங்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு, மலைப் பழங்குடியினரான குறும்பர் ஒருவர் உடன்வர, ஏர்மாடுகளுடன் வயலுக்குச் செல்கிறார். உறைபனி முடிந்து கோடைமழை தொடங்கும் இடைவெளியில் அமைந்த நாள் அது. பனியின் எல்லையை அறிந்து விதைக்கும் அறிவு அம்மக்களிடம் ஏற்கெனவே முதிர்ந்திருந்தது. பின்னர் வந்து சேர்ந்தவை புதிய விதைகளே.

அந்த விதைகள் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் வழியாக வந்தன. 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த இம்மலைக்கு அவர் 1819இல் ஏறினார். கோத்தகிரிப் பக்கத்துத் திம்பட்டியில் முதலில் தங்கி, 1822இல் உதகமண்டலத்தில் கல் வீடு கட்டத் தொடங்கினார். உருளைக்கிழங்கு உள்ளிட்ட ஐரோப்பியப் பயிர்களும் பழமரங்களும் மலையில் வேரூன்ற அவருடைய முயற்சியே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. 1830களின் தொடக்கத்தில் சென்னை ஆளுநர் லஷிங்டன் கேத்திப் பள்ளத்தாக்கில் அரசுச் சோதனைப் பண்ணை ஒன்றை நிறுவினார். சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

அரசுப் பண்ணை நிலைக்கவில்லை என்றாலும் காய்கறியின் தேவை கூடிக்கொண்டே போனது. 1845இல் உதகமண்டலத்து வெள்ளையர்கள் தங்களுக்குள் சந்தா திரட்டி ஒரு காய்கறித் தோட்டத்தைத் தொடங்கினர். மாதம் 3 ரூபாய் செலுத்தியவருக்கு அங்கு விளைந்த காய்கறி கிடைத்தது. அந்த ஏற்பாடு நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் தொடர்ச்சியாகப் பொதுத் தோட்டம் அமைக்கும் திட்டம் எழுந்து, அதற்காக 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வரவழைக்கப்பட்டார். தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் அவர் உருவாக்கியதே இன்றைய அரசு தாவரவியல் பூங்கா. மலர்க் கண்காட்சிக்காக அங்கே திரளும் மக்களில் மிகச் சிலருக்கே அப்பூங்காவின் முன்வரலாறு முட்டைக்கோசும் கிழங்கும் விளைந்த ஒரு சந்தாத் தோட்டம் என்பது தெரிந்திருக்கும்.

வெள்ளையரின் தோட்டம் அவர்களுடைய நாட்டுக் காலக்கணக்கையே பின்பற்ற முயன்றிருந்தால் இம்மலையில் வெகுதூரம் சென்றிருக்காது. இங்கிலாந்தில் குளிர்காலம் மண்ணையே உறங்கவைத்துவிடும். பகல் நீளநீளத்தான் பயிர் எழும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் பகலின் நீளம் ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை. சனவரியிலும் நண்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். மேகமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் வானுக்கு ஏறிவிட, அன்றைய விடியலில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுத் தோட்டம் பிழைத்திருக்க, நூறடி கீழே உள்ள தோட்டம் கருகிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் கோடையில் நீர் நிற்கும் ஓடைக்கரைகளும் சதுப்புகளும் அந்தப் பள்ளங்களிலேயே உள்ளன. நீருள்ள இடத்தில் பனியும், பனி குறைந்த இடத்தில் வறட்சியும் இருக்கும் இந்த முரணுக்கு விடைகாண வேண்டிய பொறுப்பு மலை உழவர்மீது விழுந்தது.

அவர்கள் கண்ட விடை ஆண்டை மூன்று போகங்களாகப் பிரித்தது. போகம் என்பது ஒரு விதைப்பு முதல் அறுவடை வரையிலான பயிர்க்காலம். ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையை நம்பிச் சரிவுகளில் விதைப்பது கார்போகம். பரப்பில் பெரியது இதுவே. ஆகஸ்டு, செப்டம்பரில் விதைத்து ஆண்டின் இறுதியை ஒட்டி எடுப்பது கடைபோகம். சனவரி, பிப்ரவரியில், உறைபனி முற்றும் விலகுவதற்கு முன்னரே, பள்ளத்து நிலத்தில் நீர்பாய்ச்சி விதைப்பது நீர்ப்போகம். விதைக்கிழங்கு மண்ணுக்குள் முளைவிட்டு இலை மேலெழுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களைப் பனியின் கடைசி நாட்களோடு பொருத்திவிட்டால், இலை வெளிப்படும்போது கொடும்பனி தணிந்திருக்கும். கணக்குத் தப்பினால் ஒரே இரவில் தோட்டம் போய்விடும். இத்துணை நுட்பமான காலக்கணிப்பைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. சல்லிவனுக்கும் மெக்ஐவருக்கும் வரலாறு அளித்துள்ள இடத்துக்குச் சற்றும் குறையாத இடம் அவர்களுக்கு உரியது.

நீர்ப்போகத்துக்கு வேறு இரு நன்மைகளும் இருந்தன. கார்போகத்தில் மழையும் மூடுபனியும் விடாது நிற்கும்போது உருளைக்கிழங்கின் இலையைக் கருக்கும் பின்பருவக் கருகல் நோய் பரவும். வறண்ட மாதங்களில் வளரும் நீர்ப்போகப் பயிர் அதிலிருந்து பெரிதும் தப்பியது. மேலும் அதன் விளைச்சல் ஏப்ரல், மே மாதங்களில் கைக்கு வந்தது. சென்னை அரசு கோடைத் தலைநகராக்கிக்கொண்ட உதகைக்கு ஆளுநரும் அலுவலகங்களும் ஏறிவரும் காலமும் அதுவே. குன்னூருக்கு அருகே 1850களில் எழுந்து, பின்னர் வெலிங்டன் எனப் பெயர்பெற்ற படைமுகாமும் ஆண்டு முழுதும் காய்கறி வாங்கியது. 1873இல் மேட்டுப்பாளையம் வரை வந்த ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் தொட்டபோது, மலைத்தோட்டத்து மூட்டைகள் தமிழ்நாட்டின் எந்த மூலைக்கும் செல்லும் வழி திறந்தது. மேட்டுப்பாளையம் மண்டிகள், அதாவது மொத்த விலைக்கு ஏலம் நடக்கும் கடைகள், பெருகின. தரகின் சுமையைக் குறைப்பதற்காக 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது.

சமவெளியின் மொழி இந்தக் காய்களை ஏற்றுக்கொண்ட விதத்திலும் வரலாறு படிந்துள்ளது. நாட்டுக் காய் என்ற சொல்லுக்கு எதிராக இங்கிலீஷ் காய் என்ற தொகுப்புப் பெயர் உண்டாயிற்று. டச்சு மொழியின் நோல்கோல் தமிழ் நாவில் நூல்கோல் ஆகி, நூலோடு அதற்கு ஏதோ உறவு இருப்பதுபோல் ஒலிக்கிறது. சென்னையில் சௌசௌ எனப்படுவது நீலகிரியில் மேராக்காய்.

கிழங்கின் வெற்றியே அதற்குக் கேடாகவும் முடிந்தது. ஒரே நிலத்தில் போகத்துக்குப் போகம் உருளைக்கிழங்கையே நட்டதால் வேரைத் தாக்கும் நூற்புழு மண்ணில் பெருகியது. 1961இல் உதகைக்கு அருகே விஜயநகரத்துத் தோட்டமொன்றில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அதைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய முட்டைகளைத் தாங்கிய அதன் கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குச் செல்வது தடை செய்யப்பட்டது. முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இப்புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களைத் தந்தது. எனினும் இழந்த இடத்தைக் கிழங்கு முழுமையாக மீட்கவில்லை. சரிவுகளில் பெரும்பகுதி தேயிலைக்குச் சென்றது, பள்ளங்களில் கேரட்டும் பீட்ரூட்டும் மலைப்பூண்டும் முன்னேறின. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டதால் மேல்மண் ஓடைக்கு அடித்துச் செல்லப்பட்டதும், நீர்ப்போகத்தைத் தாங்கிய சதுப்புகள் வடிக்கப்பட்டதும் அதைவிடப் பெரிய இழப்புகள். 1954இல் உதகையில் மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அமைக்கப்பட்டதற்கு இந்த மண்ணரிப்புச் சிக்கலே பின்னணி. சதுப்பை வற்றவிட்டால் நீர்ப்போகம் என்ற பெயரில் உள்ள நீரே இல்லாமற்போகும்.

இதற்கிடையில் ஒசூர், கோலார் போன்ற தாழ்ந்த மேட்டுநிலங்களும் கோசும் கேரட்டும் விளைவித்து, வெப்பம் தாங்கும் ரகங்களின் துணையோடு சந்தையில் இடம்பிடித்துவிட்டன. ஆகவே திருத்தணிப் பக்கத்துச் சமையற்கட்டில் வேகும் முட்டைக்கோசு உறைபனியைக் கண்டே இராத மண்ணிலிருந்தும் வந்திருக்கலாம்.

நீலகிரியில் பழைய கணக்கு இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இலையில் படிந்த உறைபனியைவிட, அதன்மீது திடீரென்று பாயும் வெயிலே பயிரைக் கொல்கிறது என்பது உழவர் நம்பிக்கை. உறைந்த இலை விரைந்து இளகும்போது அதன் திசுக்கள் சிதைந்து, நண்பகலுக்குள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துவிடும் என்கின்றனர். அதனால் தை மாதத்து விடியலில், கதிர் பள்ளத்தை எட்டுவதற்கு முன்பே, அவர்கள் தெளிப்பானைத் திறந்து கேரட் பாத்திகளின் மீது நீரைப் பொழியவிடுகின்றனர். இலைநுனியில் ஊசிபோல் நிற்கும் வெள்ளை மெல்லக் கரைந்து, பச்சை வெளிப்பட்டு, கரைந்த நீர் பாத்தியின் ஓரத்து வாய்க்காலில் சேர்கிறது.